மாப்பிள்ளைச் சுருட்டும் சவர்க்கார வாசமும்

என் தங்கையின் மகன் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை செய்கிறான். போன மாதம் போன் எடுத்தவன், சலாம் சொன்ன கையோடு சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

“மாமா, நீங்க சுருட்டுக் குடிக்கிறதுக்குச் சம்பளம் எடுத்த ஆளாமே, மெய்யா?”

“மெய்தான்டா மனே. உனக்கு எங்க எரியிது?”

அவனுடைய ஹோட்டலில் கண்ணாடி அலுமாரி வைத்து வெளிநாட்டுச் சுருட்டு விற்கிறார்களாம். அதை எப்படிச் சுவைத்து மதிப்பிடுவது என்று படிப்பிக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தாராம். சுருட்டை மூன்று பங்காகப் பிரிக்க வேண்டுமாம், ஒவ்வொரு பங்குக்கும் வேறுவேறாகப் புள்ளி போட வேண்டுமாம். “இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா மாமா?” என்று கேட்டான். நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்பு வேலையை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த மூன்று பங்குக் கணக்கால் ஒரு மனிதனின் வேலையே தப்பியது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? போனில் சொல்லி முடிகிற கதையல்ல. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. கல்முனையில் கடற்கரைக்குப் போகிற ஓர் ஒழுங்கையில் எங்கள் சுருட்டுக் கொட்டில் இருந்தது. ஊருக்கு அது காசிம் முதலாளியின் கொட்டில். உள்ளே வேலை செய்த எங்களுக்கு அது சுலைகா மாமியின் கொட்டில். எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைக்குத்தானே சீதனமாகப் போகும்? வளவோடு சேர்ந்து கொட்டிலும் மாமிக்கு வந்தது. பிறகு முதலாளியும் மாமிக்கு வந்தார்.

நான் இலையில் காம்பு கிழிக்கிறவனாகச் சேர்ந்தேன். பிறகு இலைக்குக் கருப்பட்டிப் பாணி தெளித்தேன், சாக்குப் போட்டு மூடினேன், கட்டுக் கட்டினேன். வடக்கிலிருந்து லொறியில் வந்த இலையில் ஒரு சாக்கு மழையில் நனைந்திருப்பதை, சாக்கை அவிழ்க்காமலே ஒருநாள் சொல்லிவிட்டேன். அடுத்த நாளே மாமி என்னைச் சுவை பார்க்கிற மேசைக்கு மாற்றிவிட்டார். நான் பெற்ற பயிற்சி அவ்வளவுதான்.

வேலை என்னவென்றால், சுற்றி முடிந்து காய்ந்த சுருட்டில் கட்டுக்கொன்று எடுத்துக் குடித்துப் பார்த்து, இது எங்கே போக வேண்டும் என்று சொல்வது. எங்களிடம் இருந்தது மூன்றே தரம்தான். வயல், கடை, மாப்பிள்ளை. வயல் சுருட்டு காட்டமானது, வயல் வரம்பில் நிற்கிறவனைக் கடிக்க நுளம்பு கிட்ட வரக்கூடாது. கடைச் சுருட்டு நாளாந்தம் குடிக்கிறவனுக்கு. மாப்பிள்ளைச் சுருட்டு கலியாண வீட்டுக்கு மட்டும். நிக்காஹ் முடிந்ததும் வெற்றிலை வட்டாவோடு சபைக்கு வைப்பார்களே, அது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயூறுகிறது. டாக்டர் என் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டுத் தடுத்து எத்தனையோ வருடமாகிவிட்டது, நானும் தொடுவதில்லை. ஆனால் வாயூறுவதை எந்த டாக்டர் தடுக்க முடியும்?

மேசைக்குப் போகிற அன்று வெற்றிலை போடக்கூடாது. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அது எத்தனை பெரிய தண்டனை என்று மற்றவர்களுக்கு விளங்காது. உள்ளி, அதுதான் வெள்ளைப்பூண்டு, சேர்த்த கறியும் கூடாது. சீனி போடாத பிளேன்டியால் வாயைக் கழுவிவிட்டு உட்காருவேன். முதலில் கண். சுற்றிய இலையில் நரம்பு தடித்திருக்கிறதா, மடிப்பு ஒரே சீராகப் போகிறதா? பிறகு விரல். மெல்ல அமுக்கினால் அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். காதோரம் உருட்டினால் மெல்லிய சத்தம் ஒன்று வரும், சரசரவென்று கேட்டால் அளவுக்கு மிஞ்சிக் காய்ந்துவிட்டது. பிறகு மூக்கு. எல்லாம் முடிந்துதான் நெருப்பு. நெருப்புக்குச்சியின் மருந்து எரிந்து போகும்வரை பொறுத்து, சுடரில் முட்டாமல், நுனியைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தவன் மருந்தைத்தான் குடிப்பான்.

முதல் பங்கு நாக்குக்கு: இனிப்பா, புளிப்பா. நடுப்பங்கு தொண்டைக்கு: காறுகிறதா, வழுவழுவென்று இறங்குகிறதா. கடைசிப் பங்கு மூக்குக்கு. அதிலேதான் இலையும் பாணியும், இலையைப் பதப்படுத்தப் புகை போட்ட தேங்காய்மட்டையும் ஒன்றாகச் சேர்ந்து வரும். சாம்பல் வெள்ளையாக, உடையாமல் விரல் நீளத்துக்கு நிற்கும். அந்த இடத்துக்கு வந்துவிட்டால் நாங்கள் “வந்திட்டு” என்போம். என்ன வந்தது, எங்கேயிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வந்திட்டு, அவ்வளவுதான்.

என் மேசை மாமியின் குசினி யன்னலுக்குக் கீழே இருந்தது. மாமி சபைக்கு முன்னால் வருவதில்லை. யன்னல் சீலைக்குப் பின்னால் பாக்கு இடித்துக்கொண்டு இருப்பார். சுருட்டு அவருடைய உதட்டில் ஒருநாளும் பட்டதில்லை, ஆனால் யன்னலால் போகிற புகையிலேயே தரம் கண்டுவிடுவார். பாக்கு உரலில் ஒரு தட்டுத் தட்டினால் ‘போகட்டும்’. இரண்டு தட்டினால் ‘நிற்பாட்டிவிட்டு இங்கே வா’. தன் முடிவை மட்டும் முதலில் சொல்ல மாட்டார்.

“எனக்குத் தெரியும் ஆதம். ஆனா நான் சொன்னா நீ அதத்தான் சொல்லுவாய். உன்ட வாயால வரட்டும்.”

முதலாளி வேறு மாதிரி. நல்ல மனிதர், ஆனால் பெரிய ஆட்களைக் கண்டால் நாக்கு முந்திவிடும். ஒருதரம் தனக்குத் தெரிந்தவரின் இலையை வாங்கி வந்து, சுற்றவைத்து, என் பக்கத்தில் நின்றுகொண்டு “என்ன, மாப்பிள்ளைதானே? மாப்பிள்ளைதானே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கோ தொண்டை காறிக் கண்ணால் தண்ணீர் வழிந்தது. “வயல், முதலாளி” என்றேன். முதலாளியின் முகம் கறுத்தது. யன்னலில் ஒரு தட்டு விழுந்தது. அன்றைக்கு எனக்கு மாமி வீட்டுப் பகல் சாப்பாடு, விளைமீன் பொரியலோடு.

மாப்பிள்ளைச் சுருட்டைச் சுற்றியவர் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பின் கணபதி அண்ணன். மற்றவர்கள் சுற்றினால் சுருட்டு, அவர் சுற்றினால் எங்களுக்குக் கலியாணம். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. இலையைத் தொட முன் சந்தனச் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவுவார். “அண்ணன், சுருட்டுச் சுத்தப் போறீங்களா, பொம்புள பார்க்கப் போறீங்களா?” என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். நோன்பு மாதத்தில் அவர் கொட்டிலுக்குள் பகலில் ஒரு சுருட்டுப் பற்றவைத்ததை நான் கண்டதில்லை. யாரும் அவரிடம் கேட்டதுமில்லை. அவராகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

அப்படியொரு நோன்பு மாதத்தில்தான் அந்த வழக்கு வந்தது. மாலையில் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். சம்மாந்துறை அலியார் போடியாரின் ட்ரக்டர் ஒழுங்கையை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. போடியார் பெரிய வயற்காரர். பெருநாள் முடிந்த கையோடு அவருடைய மூத்த மகளுக்குக் கலியாணம், சபைக்கு வைக்கிற சுருட்டை எங்களிடம்தான் எடுத்திருந்தார். அந்தப் பெட்டியைத் தூக்கி வந்து என் மேசையில் தடாரென்று வைத்தார்.

“காசிம், இது சுருட்டா, சவர்க்காரமா? ராவு நோம்பு துறந்து போட்டு ஒண்டப் பத்தினன். வாயெல்லாம் நுரை வாற மாதிரி. இதயா நான் சபைக்கு வைக்கிற?”

சவர்க்காரம் என்ற சொல் காதில் விழுந்ததும் கொட்டில் முழுக்கக் கணபதி அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. அவருடைய கையில் அப்போதும் ஈரம் காயவில்லை. முதலாளியின் நாக்கு வழக்கம்போல முந்திக்கொண்டது.

“போடியார், இவன்ட கைதான். கழுவாத கழுவாத எண்டு எத்தின நாள் சொன்னன்! பெருநாளைக்குப் பிறகு இவனுக்கு இஞ்ச வேல இல்ல. போதுமா?”

கணபதி அண்ணன் கையிலிருந்த இலையை மடிப்புக் கலையாமல் பலகையில் வைத்தார். எங்கள் கரையில் இந்தத் தரத்தில் சுற்றுகிற வேறு கொட்டில் கிடையாது. இதை விட்டால் பெண்சாதி பிள்ளைகளைப் பாண்டிருப்பில் விட்டுவிட்டு அவர் வடக்கே போக வேண்டும். அதைவிட என்னைக் குடைந்தது இன்னொன்று. அவருடைய கைதானோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நான் நோன்பு. கண்ணால் பார்த்தேன், குறையில்லை. விரலால், காதால் பார்த்தேன், குறையில்லை. மூக்குக்குக் கொண்டுபோனேன். ஏதோ ஒரு வாசம் இருந்தது. ஆனால் நோன்பு மாதத்து அஸர் நேரம், இருந்த ஆம்பிளைகள் எல்லார் மேலும் அத்தர். போடியார் ஒரு குப்பியையே கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார்.

“போடியார், குறை நினைக்கப்படாது. கொஞ்சம் அங்கால, காத்துக்குத் தள்ளி நிக்கிறீங்களா?”

“என்னடா? நான் நாறுறனா?”

“இல்ல போடியார், மணக்கிறீங்க. அதுதான் கரைச்சல்.”

கொட்டிலில் எவனோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். போடியாருக்கு மீசை துடித்தது. அந்த நேரத்தில் யன்னலில் இரண்டு தட்டுக் கேட்டது. சீலைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

“போடியார், ஊட்ட இந்தப் பெட்டிய எங்க வச்சீங்க?”

“எனக்கென்ன தெரியும்? பொம்புளையள்தான் எடுத்து வச்சாங்க. அத உடுங்க. உங்கட ஊட்டு மூக்கு உங்களுக்குத்தான் சாட்சி சொல்லும். இண்டைக்கு என்ட ஊட்டதான் நோம்பு துறக்க ஆக்கள் வாறாங்க. இவன் அங்க வரட்டும். துறந்து போட்டு எல்லாருக்கும் முன்னால குடிச்சுச் சொல்லட்டும்.”

“ஓம், வருவான். கணவதியும் கூடப் போகட்டும். இன்னா, அதே நாள் சுத்தின கட்டு ஒண்டு நம்மட அலுமாரிக்குள்ள இரிக்கி, அதயும் கொண்டு போ ஆதம்.”

பெட்டியோடு போடியாரின் ட்ரக்டர் போன பிறகு நாங்கள் சைக்கிளில் புறப்பட்டோம். நோன்புக்காரனை மிதிக்கவிட மாட்டேன் என்று கணபதி அண்ணன் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். சாய்ந்தமருதைத் தாண்டி, காரைதீவுச் சந்தியில் திரும்பி, வயல் காற்று முகத்தில் அடித்தபோது அண்ணன் திரும்பாமலே சொன்னார்.

“தம்பி, சவர்க்காரந்தான் எண்டு கண்டா மறைக்காமச் சொல்லு. எனக்காகப் பொய் சொல்லிப் போடாத.”

“அண்ணன், நோம்பு வாயால நான் பொய் சொல்லுவனா?”

“நோம்பு துறந்தாப் பிறகுதானே சொல்லப் போறாய்?”

மிதித்துக்கொண்டே அவர் சிரித்தார். அந்த மனிதனுக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து சிரிப்பு வந்ததோ!

போடியார் வீட்டு முன்மண்டபத்தில் பாய் விரித்து ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளியில் பாங்கு சொன்னார்கள். நான் ஒரு ஈச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, கஞ்சிக் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து போடியாரின் மனைவி அதைக் கண்டுவிட்டார்.

“எங்கட கஞ்சிக்கு என்ன குறை மனே?”

“குறை இல்ல மாமி, உள்ளிதான். உள்ளி பட்டா நாக்குக்குச் சுருட்டு விளங்காது.”

“அல்லாவே, வெறும் வயித்தோடயா சுருட்டுக் குடிக்கப் போறாய்?”

அவர் என் கஞ்சியையும் சேர்த்துக் கணபதி அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். கிணற்றடியில் இருந்து அண்ணன் இரண்டு கோப்பையையும் முடித்தார். தொழுகை முடிந்ததும் நான் போடியாரின் மனைவியிடம் கேட்டேன்.

“மாமி, சுருட்டுப் பெட்டி இருந்த இடத்தக் காட்டுவீங்களா?”

அவருக்கு ஒரே பெருமை. பிள்ளைகளை விட்டுப் பெரிய பெட்டகம் ஒன்றை மண்டபத்துக்கு இழுத்துவரச் செய்து, மூடியையும் திறக்க வைத்தார்.

“இன்னா பாரு மனே, மாப்பிள்ளைக்கு எடுத்த சாமான் எல்லாம் இதுக்குள்ளதான். சாரன், சேட்டு, தொப்பி, மக்கத்து அத்தர். சுருட்டும் இந்தக் கரையிலதான் இரிந்த.”

“சுருட்ட என்னத்துக்கு மாமி இதுக்குள்ள வச்சீங்க?”

“இதென்ன கேள்வி? மாப்பிள்ளைச் சுருட்டெண்டு பெட்டியில எழுதியிரிக்கி. மாப்பிள்ளைட சாமான மாப்பிள்ளைப் பெட்டகத்துக்குள்ள வைக்காம, எருமை மாட்டுப் பட்டியிலயா வைக்கிற?”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பெட்டகத்தின் ஓரத்தில் அத்தரில் ஊறிய பஞ்சு ஒரு சிரட்டைக்குள் இருந்தது. சுருட்டுப் பெட்டியின் திறந்த பக்கம் அதைப் பார்த்துத்தான் இருந்திருக்கிறது. போடியார் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் அவர் எப்படி இறங்கி வருவார்?

“அத்தராயும் இரிக்கலாம், அவன்ட கையாயும் இரிக்கலாம். நீ கொண்டு வந்த கட்ட நான் நம்ப மாட்டன், அது உங்கட அலுமாரியில இரிந்த. எப்பிடிப் பிரிச்சுச் சொல்லுவாய்?”

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. “போடியார், சுத்துறவன்ட கை அடியில இரிந்து நுனி வரைக்கும் ஓடும். சவர்க்காரம் எண்டா முழுச் சுருட்டும் நாறோணும். அத்தரெண்டா பஞ்சப் பார்த்து இரிந்த நுனிப்பக்கம் மட்டுந்தான். பாதி தாண்டினா சரியாகோணும். நான் சொல்ல மாட்டன். நீங்களே குடிச்சுப் பாருங்க.”

கெட்டுப்போன பெட்டியிலிருந்து இரண்டு எடுத்தேன். நுனியை அவருக்குச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒன்று பற்றவைத்துக்கொண்டேன். அவர் ஒரு இழுவை இழுத்துவிட்டு, “சவர்க்காரம்! சவர்க்காரமேதான்!” என்று துள்ளினார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வெறும் வயிற்றில் தலை சுற்றி, பாயில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் இரட்டையாகத் தெரிந்தார்கள். முதல் பங்கு எரிந்தது. சாம்பல் நின்றது. கிணற்றடியில் கணபதி அண்ணன் எழும்பி நின்றுகொண்டார். நடுப்பங்கின் பாதியில் என் நாக்கில் நுரை அடங்கியது. இன்னும் கொஞ்சம் போனதும் இனிப்பு எட்டிப் பார்த்தது. எனக்கு எழும்பிக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் சுலைகா மாமியின் பாடம் ஞாபகம் வந்தது. போடியாரின் வாயால் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

போடியார் ஒரு இழுவை இழுத்தார், நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு இழுவை. சுருட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் வாயில் வைத்தார். நெற்றிச் சுருக்கம் மெல்ல விரிந்தது. கண் தானாக மூடிக்கொண்டது. மூக்கால் புகை இறங்கியது.

“வந்திட்டு,” என்றார் போடியார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, புகையால் அல்ல. போடியார் கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டார்.

“டேய் கணவதி, என்னத்துக்குக் கிணத்தடியில நிக்கிறாய்? இஞ்ச வா, இதில இரி. பெருநாளைக்குப் பிறகு வேல இல்லயெண்டு காசிம் சொன்னானா? அவன் யாரு சொல்ல? என்ட மகள்ட சபைக்கு நீ சுத்தினதுதான்.” பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, “எல்லாம் உங்களால வந்த வினை,” என்றார்.

“பேர வச்ச அவங்க, பிழை எனக்கா?” என்றார் அவர் கதவுக்குப் பின்னாலிருந்து.

அடுத்த நாள் சுலைகா மாமியிடம் எல்லாம் ஒப்புவித்தேன். பாக்கு உரலில் ஒரு தட்டுத்தான் விழுந்தது. முதலாளி கணபதி அண்ணனிடம் போய் நெடுநேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டு, கடைசியில் புதுச் சந்தனச் சவர்க்காரக் கட்டி ஒன்றை நீட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வராது, சவர்க்காரம்தான் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் மாப்பிள்ளைச் சுருட்டுப் பெட்டி எல்லாவற்றிலும் ‘பெட்டகத்துக்குள் வைக்க வேண்டாம்’ என்று எழுதித்தான் வெளியே போனது. ஊரில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் கணபதி அண்ணனின் மகளுக்குப் பாண்டிருப்பில் கலியாணம். பந்தலில் வெற்றிலைத் தட்டோடு சுருட்டும் வைத்திருந்தார்கள், அவரே சுற்றியது. எனக்கு மட்டும் ஒன்றை மடியிலிருந்து எடுத்துத் தந்தார். ஆசையோடு பற்ற வைத்தேன். முதல் இழுவையிலேயே வாயெல்லாம் சவர்க்காரம்.

பதறிப்போய் அவரைப் பார்த்தேன். மனிதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

“போடியார் ஊட்டுப் பொம்புளைகிட்டக் கேட்டு அத்தர்ப் பஞ்சு வாங்கி வச்சன் தம்பி. உனக்கெண்டு இந்த ஒண்டு மட்டும். அரைவாசியில போட்டிராத, குடி.”

மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள். யார்யாரோ வந்து கூப்பிட்டார்கள். பெண்ணின் தகப்பன் எழும்பவில்லை. என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, என் கையில் சாம்பல் நீளுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி தாண்டியது.

“வந்திட்டா?” என்று கேட்டார்.

“வந்திட்டு, அண்ணன்.”

அதைக் கேட்ட பிறகுதான் எழும்பி, மகளுக்குத் தாலி கட்டுவதைப் பார்க்கப் போனார்.